ஈரத்துக்குக் கழித்த இரண்டு கிலோ

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நண்பர் மாத்தளைக்கு வந்திருந்தார். மலையக எழுத்து என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவர். உங்கள் ஊரில் பார்க்க வேண்டியதைக் காட்டு என்றார், அலுவிகாரைக்குக் கூட்டிப் போனேன். போகும் வழியில் பஸ்ஸில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்கட மலையகக் கதையள் ஏன் மச்சான் கடைசியில கூட்டத்தில பேசுற மாதிரியே முடியுது? சொல்லாமல் விட்டால் எவ்வளவு நல்லாயிருக்கும்!"

அவருக்குப் பஸ்ஸில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவுதான் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுவிகாரை மாத்தளை டவுனிலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர் அளவில், ஏ9 சாலையோரம் இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகள் வாய்ப்பாடமாகக் காத்துவந்த திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதிவைத்த இடம் என்று அதற்குப் பெயர். பஞ்சமும் போரும் வந்தன. நெஞ்சில் சுமந்தவர்கள் செத்துப்போனால் போதனையும் சேர்ந்து போய்விடும் என்ற பயத்தில் எழுதினார்கள். 1848 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இந்த விகாரையும் சேதப்பட்டது. இன்று நாம் அங்கே பார்க்கும் ஓவியங்களும் சிலைகளும் பெரும்பாலும் பிற்காலத்தவை.

அங்குள்ள குகைகளில் ஒன்று நரகம். பாவம் செய்தவர்களுக்கு என்ன நடக்கும் என்பதைச் சுவரிலும் சிலையிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். பாவி ஒருவனின் மண்டையோடு திறந்திருக்க, இரண்டு பேய்கள் அகப்பையால் மூளையை அள்ளுகின்றன. இதற்கு மேல் வெளிப்படையாக ஒரு கலை செய்தி சொல்ல முடியாது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும், நாலு வயதுப் பிள்ளைக்கும் புரியும். நண்பர் முகத்தைச் சுளித்தார். நான் அந்தப் பேய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றின் முட்டைக்கண்ணும் வாயும் வேலையில் மூழ்கியிருக்கும் பாவனையும்! செய்தவர் பேய்களை ரசித்து ரசித்துச் செய்திருக்கிறார். பாவம் செய்யாதே என்ற கட்டளைக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. கட்டளை தீர்ந்த பிறகும் கைக்கு வேலை மிச்சமிருந்திருக்கிறது, அந்த மிச்சத்தைத்தான் நாம் நின்று பார்க்கிறோம். ஆகவே வெளிப்படை என்றாலே கலை குறைவு என்று யாராவது சொன்னால், அவரை அந்தக் குகைக்கு வரச் சொல்வேன்.

ஆனால் அதே வளாகத்தில் எனக்கு உறுத்துகிற காட்சிகளும் உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கொடுத்த தண்டனைகளையும் அங்கே காட்சியாக வைத்திருக்கிறார்கள். அரசன் கொடுமைகள் செய்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. 1814இல் தன்னை எதிர்த்த பிரதானி எஹெலபொலவின் குடும்பத்தை அவன் கொல்வித்த விதத்தைக் கேட்டால் இன்றைக்கும் வயிறு கலங்கும். ஆனால் 1815 மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தின் முதல் வாசகமே என்ன சொல்கிறது தெரியுமா? மலபார் அரசனின் கொடுமைகளைத்தான் சொல்கிறது, அடுத்த வாசகம் அவனை அரசுரிமையிலிருந்து நீக்குகிறது. மலபார் என்றால் அன்றைய வெள்ளைக்காரன் பேச்சில் தமிழன். அரசன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். கொடுமை என்ற உண்மையோடு, இன்னார் என்பதால் கொடியவன் என்ற தீர்ப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நாட்டை எடுத்துக்கொள்ள வந்தவனுக்கு அந்தத் தீர்ப்பு வசதியாக இருந்தது. அரசனை வேலூருக்கு அனுப்பினான், 1832இல் அவன் அங்கேயே செத்தான். இன்று அந்தக் காட்சியின் முன் நிற்கும் பிள்ளைக்கு ஒரு கொடியவன் தெரிகிறான். ஒப்பந்தம் எழுதியவன் யார், அவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதெல்லாம் தெரிவதில்லை.

இந்த இரண்டையும் அருகருகே பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஒன்று தெளிவானது. கலை ஒரு விஷயத்தை உரக்கச் சொல்வதில் எனக்குக் குறையில்லை. உண்மையை எவ்வளவு உரக்கவும் சொல்லலாம். தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் கை கூசுகிறது.

மறுநாள் சீகிரியா. அதுவும் எங்கள் மாவட்டம்தான், இனாமலுவையில் திரும்ப வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் தகப்பனைக் கொன்று அரசேறிய காசியப்பன் கட்டிய கோட்டை. பாறையின் மேற்குப் பக்கத்துப் பொந்தில் அந்த ஓவியப் பெண்கள் இருக்கிறார்கள். இடைக்குக் கீழே மேகம், கையில் பூ. யார் இவர்கள்? பிதுரங்கல விகாரைக்குப் பூக்கொண்டு போகும் அரசவைப் பெண்கள் என்றார் எச்.சி.பி. பெல். அப்சரஸ்கள் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மேகமும் மின்னலும் பெண்ணுருக் கொண்டவை என்றார் பரணவிதான. தாராதேவி என்கிறார் ராஜா த சில்வா. படித்தவர்கள் நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்தும் ஒருமிக்க ஒரு பதில் வரவில்லை.

கீழே கண்ணாடிச் சுவர். பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டுக்குள் மலையேறி வந்தவர்கள் அந்தச் சுவரில் கவிதை கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் நூலாக்கினார். பிக்கு, படைவீரன், பெண்கள் என்று பல தரப்பினர் எழுதியவை. எத்தனையோ பேருக்கு ஒரே குறை: இந்தப் பெண்கள் பேசமாட்டேன் என்கிறார்களே! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சொல்லாமல் விட்ட ஓர் ஓவியம், பார்த்தவர்களையெல்லாம் பேச வைத்திருக்கிறது. நண்பர் இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பார்த்தியா? இதுதான் கலை" என்றார்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. காசியப்பன் சொல்ல நினைத்தது என்ன? அது போய்விட்டது. அரசனுக்கு அதனால் நட்டமில்லை. அவனுக்குப் பாறை இருந்தது, படை இருந்தது, ஓவியனுக்குக் கூலி கொடுக்கப் பொன் இருந்தது. தான் சொன்னது யாருக்கும் புரியாமல் போனாலும் அவன் சம்பளம் குறையப்போவதில்லை. அர்த்தம் தொலைந்துபோவதைத் தாங்கக்கூடியவன் அவன். தாங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

நம் தமிழிலேயே சொல்லாமல் சொல்வதற்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. குறுந்தொகையில் ஒரு யானை மரத்தை ஒடித்தால் அது வெறும் யானையில்லை என்று கேட்பவருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? குறிஞ்சி என்றால் கூடல், நெய்தல் என்றால் இரங்கல் என்று பாடியவரும் கேட்டவரும் முன்பே சேர்ந்து கற்றிருந்தார்கள். அந்தப் பொது அறிவு கீழே பாறை மாதிரிக் கிடந்தபடியால்தான் மேலே அவ்வளவு மெலிதாகக் கட்ட முடிந்தது. இன்று உரையில்லாமல் அந்தப் பாட்டுகளை வாசிப்பவர் எத்தனை பேர்? பாறை நகர்ந்துவிட்டது, உரையாசிரியர் வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூடகம் என்பது ஒன்றையே அறிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை. அறியாதவரிடம் அப்படிப் பேசினால் அவருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

மாசி மாதம் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்துப் பார்த்திருக்கிறீர்களா? அமாவாசை கழிந்து காமன் ஊன்றுவார்கள். தப்பு அடி கேட்டதும் லயத்துப் பிள்ளைகள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு ஓடும். மதனும் ரதியும் வீடு வீடாக ஆடி வருவார்கள். ஈசன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதன் எரிந்த பிறகு ரதி ஒப்பாரி வைப்பாள். ரதி வேடம் கட்டியவர் ஆண், பக்கத்து லயத்துக்காரர், காலையில் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தவர். அது புராணக் கதை. அதில் தோட்டம் இல்லை, துரை இல்லை, சம்பளம் இல்லை. ஆனால் பெண்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள். கொழும்புக்குப் போய்த் திரும்பாத மகன், ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னார்க் கப்பல் ஏறிப் போன அக்கா, மரம் விழுந்து செத்த புருஷன், எல்லாரும் அந்த ஒப்பாரிக்குள் வந்துவிடுவார்கள். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகக் கணக்குப் போட்டது. பிரியாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. ரதி எதையும் விளக்க வேண்டியதில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும்.

ஆகவே எங்கள் ஆட்களுக்குப் பூடகம் தெரியாது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்குள் பேசும்போது அதுதான் எங்கள் முறை.

எழுத்து என்று வந்தபோது நிலைமை வேறு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சாகும் பத்திரிகைக்கு, தோட்டத்தையே பார்த்திராத வாசகருக்கு எழுதினார்கள். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவானது. அறுபதுகளில் கைலாசபதி, சிவத்தம்பி ஒரு பக்கம், எஸ். பொன்னுத்துரை, மு. தளையசிங்கம் இன்னொரு பக்கம் என்று கலையா பிரச்சாரமா என்ற சண்டை உச்சத்துக்குப் போனது. அந்தச் சண்டையைத் திரும்ப நடத்த எனக்கு விருப்பமில்லை. இரு தரப்பிலும் பெரியவர்கள் இருந்தார்கள். நான் கவலைப்படுவது அந்தச் சண்டையின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலையக எழுத்தை அளந்த விதத்தைப் பற்றித்தான்.

1980இல் எங்கள் மாத்தளைக்காரர்கள் மூவர், மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன், சேர்ந்து 'தோட்டக்காட்டினிலே' என்ற சிறுகதைத் தொகுதியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பறித்த குடியுரிமை பல்லாயிரம் பேருக்கு இன்னும் வரவில்லை. எழுபதுகளின் தோட்டத்துப் பஞ்சம் கண்முன் நடந்து முடிந்திருந்தது. 1977 வன்செயலில் அடிபட்டவர்கள் வவுனியாப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட அன்றைய பாடப்புத்தகத்தில் இல்லை. தோட்டக்காட்டான் என்று சொல்லிச் சிரித்த நாட்டில், அந்தத் தோட்டக்காட்டையே நூலின் நெற்றியில் எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் உரக்கப் பேசியதில் என்ன பிழை? கேட்கும் காது தூரத்தில் இருந்தது.

அதே காலத்தில் என்.எஸ்.எம். ராமையாவும் இருந்தார். 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில் ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையைச் சுற்றி எழும் சந்தேகமும் அவளுடைய மானமும்தான் விஷயம். சுரண்டல் ஒழிக என்று யாரும் கோஷம் போடுவதில்லை. ஆனால் அவர் எதையும் மறைத்தும் வைக்கவில்லை. நிரை, கூடை, நிறுவை, கணக்கு எல்லாம் துலக்கமாக இருக்கின்றன. வாசிப்பவர் தோட்டத்துக்காரராக இல்லாவிட்டாலும் அந்தப் பெண் எதற்காக நிமிர்ந்து நிற்கிறாள் என்பது பிடிபடும். இதைப் பூடகமான கதை என்று விமர்சகர்கள் பாராட்டும்போது எனக்குச் சிரமமாக இருக்கும். உண்மையை வெளிச்சத்தில் வைத்துவிட்டுத் தீர்ப்பை நமக்கு விட்ட கதை அது.

2023இல் எங்கள் ஊர் இன்னொன்றையும் கண்டது. மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்து ஒரு நடைபயணம். யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, 250 கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். கோப்பிக் காலத்து மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக ஆட்களைப் பறிகொடுத்து, மாத்தளைக்கு நடந்த பாதை அது. பேச்சில்லாமல் வெறும் நடை மட்டும் என்றால் சாலையோரம் நின்ற சிங்களக் கடைக்காரர் இதைக் கதிர்காம யாத்திரை மாதிரி ஒன்று என்றுதான் நினைத்திருப்பார். அவர்கள் காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான பிரஜையாக வாழும் உரிமை என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நடையும் பேசியது, எழுத்தும் பேசியது. எழுத்தை எடுத்துவிட்டால் இன்னும் கலையழகாக இருந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நான் கோபப்படுவேன்.

சரி, இப்போது கிட்டத்தில் ஒன்றைக் காட்டுகிறேன். கதை எழுதும் பிள்ளைகள் சிலர் என்னிடம் எழுதியதைக் கொண்டுவந்து காட்டுவார்கள். றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் ஒரு தங்கச்சி, உயர்தரம் படிப்பவள், அண்மையில் ஒரு கதை எழுதியிருந்தாள். அதில் ஒரு இடம் இப்படிப் போகிறது, அவள் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்:

அந்தி நிறுவையில் அம்மாவின் பை தராசில் இருபது காட்டியது. கணக்கப்பிள்ளை பைக்கு ஒன்றும் ஈரத்துக்கு இரண்டும் கழித்துப் பதினேழு என்று எழுதினார். ஒரு பேருக்குப் பதினெட்டு வேண்டும். அம்மாவுக்கு அன்றைக்கு அரைப் பேர். காலையிலிருந்து ஒரு சொட்டு மழையும் பெய்திருக்கவில்லை.

பிறகு கதை இன்னும் ஒரு பந்தி போய், உழைப்பவர் வியர்வையை உறிஞ்சும் இந்தக் கொடுமை என்றுதான் ஒழியுமோ என்ற தொனியில் முடிகிறது.

ஒரு போட்டிக்கு அனுப்பியிருக்கிறாள். நடுவர் ஒருவர் குறிப்பு எழுதித் திருப்பினார். கணக்கு அதிகம், அறிக்கை மாதிரி இருக்கிறது, கிலோ விவரங்களை வெட்டி அம்மாவின் முகத்தை மட்டும் காட்டினால் நுட்பமாக வரும் என்று ஆலோசனை. கடைசி வரியை அவர் தொடவே இல்லை.

எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. முகம் எந்தக் கதையிலும் வரும். துக்கமான அம்மா முகம் தமிழில் ஆயிரம் இருக்கிறது. இந்த அம்மாவின் துக்கம் மூன்று கிலோவில் இருக்கிறது. இருபதுக்கும் பதினேழுக்கும் நடுவில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, பாதியாகிப் போனதை விளக்காமல் விட்டால், கொழும்பில் வாசிப்பவருக்கு அவள் ஏதோ களைத்துப்போன ஏழைப் பெண்ணாகத்தான் தெரிவாள். அவர் இரக்கப்படுவார், பக்கத்தைப் புரட்டிவிடுவார். கணக்குத் தெரிந்தால் இரக்கத்தோடு நிற்க முடியாது, யார் அந்த இரண்டு கிலோவை எடுத்தார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். மழை பெய்யவில்லை என்ற வாக்கியம் வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். பதினாறு பதினேழு வயதில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு நுட்பம் சொல்லித்தர வேண்டுமா?

அந்தக் கணக்கைத் தோட்டத்தில் வாசித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். "எங்க டிவிசன்ல மூணு கழிப்பாங்க" என்றார் ஒரு அம்மா. "மழக் காலத்துல நாலு" என்றார் இன்னொருவர். பத்து நிமிடம் கதையை விட்டுவிட்டு நிறுவையைப் பற்றியே பேசினார்கள். தெரிந்ததைத்தானே சொல்கிறாள் என்று யாரும் சலித்துக்கொள்ளவில்லை. தங்கள் வாழ்க்கையில் தினமும் நடக்கும் ஒரு கழித்தல் எழுத்தில் ஏறி நிற்பதைப் பார்த்த சந்தோஷம் அது.

அதனால் தங்கச்சியிடம் சொன்னேன்: கணக்கில் கை வைக்காதே, ஒரு எழுத்தும் குறைக்காதே. வெட்டுவதென்றால் அந்தக் கடைசி வரியை வெட்டு. மழையில்லை என்று எழுதிவிட்டாய், அதற்குப் பிறகு கொடுமை என்று நீ சொல்லத் தேவையில்லை. கொடுமை என்று நீ சொன்னால் வாசிப்பவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார். சொல்லாமல் விட்டால் அவரே சொல்ல வேண்டிவரும்.

யாழ்ப்பாண நண்பரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். கடைசி வரி விஷயத்தில் நான் அவர் பக்கம் என்று அவருக்கு மகிழ்ச்சி. அரைப் பேர் என்றால் என்னவென்று அந்தக் கதையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றும் சொன்னார். இவ்வளவு மலையகக் கதை படித்தவர்!

தங்கச்சி மட்டும் சம்மதிக்கவில்லை. "சேர், கணக்கு வாசிக்கிறவங்களுக்கு. அந்தக் கடைசி வரி எங்கம்மாவுக்கு. அவங்க நிறுவைக்காரர்கிட்ட சொல்ல முடியாதத நான் ஒரு தடவையாவது சொல்லோணும்" என்றாள். நான் என் காரணங்களை இன்னொரு தரம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கதை இப்போது ஒரு சஞ்சிகைக்குப் போயிருக்கிறது, மூன்று கிலோவும் இருக்கிறது, கடைசி வரியும் இருக்கிறது. அந்த வரி வேண்டாம் என்றே எனக்கு இன்னும் படுகிறது. அவளுடைய அம்மாவை அடுத்த கிழமை பார்க்கும்போது அவரிடமும் கேட்கப் போகிறேன்.